கொசுறு கோட்டு

காய்கறிக்காரர் பையைத் திருப்பிக் கொடுக்கும்போது நாலு இணுக்குக் கறிவேப்பிலையை மேலே போடுவார், பார்த்திருப்பீர்கள். அதுதான் கொசுறு. நாம் கேட்பதில்லை, அவரும் கணக்கில் சேர்ப்பதில்லை. ஆனால் அது இல்லாவிட்டால் அடுத்த நாள் அந்தக் கடைக்குப் போக மனம் வராது. கார் பெயிண்ட் அடிக்கிற எங்கள் வட்டாரத்திலும் அப்படி ஒன்று வைத்திருந்தோம். சொன்ன வேலையெல்லாம் முடிந்த பிறகு, வண்டியை எடுக்க ஆள் வருவதற்கு முன்னால், கேட்காத இடத்தில் ஒரு கோட்டுப் பெயிண்ட். டிக்கிக்கு உள்ளே, பெட்ரோல் மூடியில், நம்பர் பிளேட்டைச் சுற்றி. கொசுறு கோட்டு என்றுதான் சொல்வோம். கருணாகரனின் கொசுறு என்றால் மந்தைவெளி முழுக்கப் பிரசித்தம். அப்படிச் சொல்லிக்கொண்டு திரிந்தது நானேதான் என்பது வேறு விஷயம்.

நான் போட்ட அப்படி ஒரு கோட்டு ஒரு பொம்பளையின் காலை முடக்கிவிட்டது. இதைச் சொல்லாமல் சுற்றி வளைத்துக்கொண்டிருக்க எனக்குப் பொறுமை இல்லை.

தொண்ணூற்றைந்தாம் வருஷம், மாசி மாதம். பஸ் டிப்போவுக்குப் பின்னால் கிழக்குப் பார்த்த ஷெட் என்னுடையது. ஒரு நாள் காலை வெங்கடரமணன் சார் தன் வெள்ளை மாருதியைக் கொண்டுவந்து நிறுத்தினார். கல்லூரியில் கணக்கு வாத்தியாராக இருந்து ரிட்டையர் ஆனவர், மயிலாப்பூர்க் குளத்துக்கு மேற்கே வீடு. எண்பத்தாறில் வாங்கிய வண்டி. அவரைத் தவிர வேறு யாரும் ஸ்டியரிங்கைத் தொட்டதில்லை. வெள்ளைப் பெயிண்ட் நன்றாகவே இருந்தது. கறுப்புப் பாகங்கள்தான் வெளுத்துப் போயிருந்தன. பம்பர், பக்கக் கண்ணாடியின் மூடி, வைப்பர் கைகள், முன் கண்ணாடிக்கு அடியில் காற்று போக ஓட்டை விட்டு நீளமாகப் போகிற ஜாலி எல்லாம் ஒன்பது வருஷ வெயிலிலும் உப்புக்காற்றிலும் சாம்பல் பூத்துக் கிடந்தன.

சார் சட்டைப் பையிலிருந்து ஒரு சீட்டை எடுத்துக் கொடுத்தார். ஒன்று, இரண்டு என்று நம்பர் போட்டு எழுதியிருந்தார். கடைசி வரிக்குக் கீழே கோடு இழுத்திருந்தார்: 'பளபளப்பு கூடாது. கம்பெனி கொடுத்த மாதிரி மங்கலாக.'

“மேட்தானே சார்? அடிச்சுடலாம்.”

“ஆறு நாளைக்குள்ள முடியுமா? ஆத்துல அவளை தினம் அடையாறு ஆஸ்பத்திரிக்கு அழைச்சுண்டு போகணும். கரண்ட் வைக்கப் போறா.”

அடையாறு ஆஸ்பத்திரி, கரண்ட் என்றால் புற்றுநோய் என்று இந்த ஊரில் யாருக்கும் விளக்க வேண்டியதில்லை. நாலே நாளில் தருகிறேன் என்றேன். சொல்லும்போதே, இந்த மனுஷனுக்கு நல்ல கொசுறாக ஒன்று போட வேண்டும் என்று மனதுக்குள் முடிந்துகொண்டேன். இரக்கப்பட்டுத்தான் நினைத்தேன். அதை இப்போதும் மறுக்க மாட்டேன்.

மேட் கிளியர் அடிப்பது லேசுப்பட்ட காரியம் இல்லை. கிளியர் என்பது கடைசியாக அடிக்கிற நிறமில்லாத பூச்சு. அதில் அதற்கென்று உள்ள பேஸ்ட்டைக் கலந்தால் மினுமினுப்பு செத்து மங்கலாக நிற்கும். சாதாரணக் கிளியரில் தூசி விழுந்தால் தேய்த்து பாலிஷ் போட்டுச் சரிக்கட்டலாம். மேட்டில் அந்தப் பாச்சா பலிக்காது. தேய்த்த இடம் மட்டும் தனியாக மின்னிக் காட்டிக்கொடுத்துவிடும். பேஸ்ட் அடியில் போய்த் தங்கும், அதனால் டப்பாவைக் கலக்கிக்கொண்டே இருக்க வேண்டும். எங்கள் பக்கத்தில் இன்னொரு தொல்லையும் உண்டு. பதினோரு மணிக்கு மேல் கடல்காற்று ஏறும். அந்த ஈரம் பட்டால் கறுப்பின் மேல் மோர் ஊற்றின மாதிரி வெள்ளை படரும். காலை எட்டு மணியிலிருந்து பத்தரைக்குள் ஆட்டத்தை முடித்துவிட வேண்டும்.

முடித்தேன். சோப்புத் தண்ணீரில் கழுவி, உப்புத்தாள் மாதிரியான வாட்டர் பேப்பர் போட்டுத் தேய்த்து, பிரைமர், கறுப்பு இரண்டு கை, மேட் கிளியர் இரண்டு கை. நாலாம் நாள் காலை எல்லாம் காய்ந்து நின்றது. சார் எழுதிக் கொடுத்தபடியே, கம்பெனியிலிருந்து நேற்று வந்த மாதிரி. எனக்கு அதுதான் பிடிக்கவில்லை. மூன்று நாள் முதுகு ஒடிய உழைத்திருக்கிறேன், பார்க்கிறவனுக்கு நான் எதையும் தொட்டதாகவே தெரியாது.

பக்கத்தில் ஒரு காண்டெஸா காருக்கு மினுங்கும் கிளியர் அடித்திருந்தேன். ஸ்ப்ரே கன்னில் கொஞ்சம் மிச்சம் இருந்தது. பம்பருக்குப் போதாது. இரண்டு வைப்பர் கைகளுக்கும் ஜாலிக்கும் சரியாக வரும். கையில் சீட்டு இல்லையா, கோடு போட்ட வரி கண்ணில் படவில்லையா என்று கேட்காதீர்கள். சீட்டு சுவரில் ஆணியில் மாட்டியிருந்தது. அதைப் பார்த்துக்கொண்டேதான் அடித்தேன். மங்கலாக என்று வாத்தியார் எழுதுவார், மின்னினால் வேண்டாம் என்றா சொல்லிவிடுவார்? மூன்று நிமிஷ வேலை. சாயங்காலத்துக்குள் காய்ந்து, அந்த வெள்ளை வண்டியின் நெற்றியில் மை தீட்டின மாதிரி இருந்தது. தள்ளி நின்று பார்த்தேன். மனசு நிறைந்து போயிற்று.

சார் வந்தபோது வெயில் டிப்போக் கட்டடத்துக்குப் பின்னால் இறங்கிவிட்டது. வண்டியைச் சுற்றி வந்தார். பம்பரைத் தடவிப் பார்த்துத் தலையாட்டினார். முன்னால் வந்ததும் குனிந்து வைப்பர் கையை ஒரு விரலால் தொட்டார்.

“இது கொஞ்சம்…” என்றார்.

“கொசுறு சார்! மாமி போய்ட்டு வர்ற வண்டி லட்சணமா இருக்க வேணாமா? அது என் கணக்கு. நீங்க ஒண்ணும் சொல்லக் கூடாது.”

சார் நிமிர்ந்து என் முகத்தைப் பார்த்தார். நான் பல்லெல்லாம் தெரியச் சிரித்துக்கொண்டு நின்றேன்.

“சிரமம் எடுத்துண்டிருக்கேள். ரொம்ப சந்தோஷம்,” என்று கும்பிட்டுவிட்டுச் சாவியை வாங்கிக்கொண்டார்.

ஐந்து வாரம் கழித்து அந்த வண்டி கயிறு கட்டி இழுத்துவரப்பட்டு என் அடுத்த ஷெட்டுக்கு வந்தது. அது குலாம் ரசூல் பாயின் ஷெட். நெளிந்த தகரத்தைத் தட்டி நேராக்குகிற டிங்கர். பதினைந்து வருஷமாக அடுத்தடுத்துக் கடை போட்டிருக்கிறோம். பாதி நாள் பேசுவோம், பாதி நாள் சண்டை. வண்டியின் இடது விளக்கு உடைந்து, மட்கார்டு உள்ளே குழிந்திருந்தது.

“நம்ம சார் வண்டியாச்சே பாய். இன்னா ஆச்சு?”

“மூணு வாரமா ஸ்டேஷன்ல கெடந்து இப்பதான் வுட்டாங்க. கச்சேரி ரோடு முடியற எடத்துல, சாந்தோம் பக்கம். மீன்காரம்மா ஒண்ணு கூடையோட ரோட்ட தாண்டிச்சாம். இடிச்சுட்டாரு. முட்டி பேந்துடுச்சு. ஊட்டுக்கு வந்துடுச்சாம், ஆனா கால் இனிமே மடங்காதாம்.”

“சாரா? மாட்டு வண்டி வேகத்துக்கு மேல போவ மாட்டாரே.”

“வேகம் இல்ல நைனா. என் கண்ணு தெரியல, என் தப்புதான்னு அவரே போலீஸ்கிட்ட சொன்னாராம். அவங்க கேக்கல. பெரிய மனுசன், வாத்தியாரு. பொம்பளதான் திடீர்னு குறுக்க வந்துட்டான்னு எழுதி முடிச்சுட்டாங்க.”

எனக்கு அந்த நிமிஷம் ஒன்றும் உறைக்கவில்லை. ஐயோ பாவம் என்று இரண்டு பேருக்காகவும் சொன்னேன்.

“தள்ளு, நான் உள்ள குந்திக்கினு திருப்பறேன்,” என்று பாய் ஏறி உட்கார்ந்தார். மணி ஏழே முக்கால் இருக்கும். வண்டியின் முகம் கிழக்கே திரும்பிற்று. பாய் சட்டென்று பிரேக்கை மிதித்து முகத்தைக் கையால் மூடிக்கொண்டார்.

“யா அல்லா! இன்னாய்யா இது? கண்ணுல ஊசி ஏத்தற மாதிரி கீது!”

இறங்கி வந்து ஜாலியைப் பார்த்தார், வைப்பரைப் பார்த்தார், கடைசியில் என்னைப் பார்த்தார்.

“இத இப்டி பண்ணது யாரு?”

“நான்தான். கொசுறு.”

“கம்பெனிக்காரன் பெயிண்ட் பத்தாமயா இத்த மங்கலா வுட்டான்? ஓட்றவன் மூஞ்சிக்கு நேரா கீறது எதுவும் மின்னக் கூடாது கருணா.”

“டிங்கர் வேலை தெரிஞ்சா டிங்கர் வேலையப் பாரு பாய்! பெயிண்ட்டப் பத்தி எனக்குப் பாடம் எடுக்காத!” என்று கத்தினேன். வழக்கமாக இதற்கு அவர் என் அப்பா வரைக்கும் இழுத்துப் பதில் சொல்வார். அன்றைக்குச் சுத்தியலை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டார்.

யாரும் பார்க்காதபோது நான் ஏறி உட்கார்ந்தேன். ஜாலியில் விழுந்த வெயில் எகிறி நேராக என் முகத்துக்கு வந்தது. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் எதிர்ச் சுவர் இருக்கிறதா இல்லையா என்றே தெரியவில்லை. எல்லாம் வெள்ளை. தலையை இடப்பக்கம் சாய்த்தால் கொஞ்சம் தேவலை. நிமிர்ந்தால் மறுபடி வெள்ளை. மயிலாப்பூரிலிருந்து கச்சேரி ரோட்டில் சாந்தோமுக்குப் போகிறவன் காலையில் சூரியனுக்கு நேர் எதிரே போகிறான். முகம் தெரியாத அந்த மீன்காரம்மாவை அந்த வெள்ளைக்குள்ளே நிறுத்திப் பார்த்தேன். தெரியவில்லை. பயந்துவிட்டேன். வேறு வார்த்தை எதற்கு?

மறுநாள் சாரின் வீட்டம்மா சூடாமணி மாமி ஆட்டோவில் வந்து இறங்கினார். ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்குப் போகிற வழி. கழுத்தைச் சுற்றிப் பருத்திப் புடவைத் துண்டு ஒன்றைத் தளர்வாகப் போட்டிருந்தார். கரண்ட் வைத்த இடம் கறுத்து அதற்கு வெளியிலும் தெரிந்தது. ஸ்டூலைத் துடைத்துப் போட்டேன்.

“கருணாகரன், வண்டியைச் சரி பண்ணி நீங்களே யாருக்காவது வித்துடுங்கோ. அவர் இனிமே ஓட்ட மாட்டாராம்.”

“ஏன் மாமி?”

“கண்ணு போயிடுத்துங்கறார். கண் டாக்டர்கிட்ட போனோம். நன்னா இருக்கு, ஒரு கோளாறும் இல்லேங்கறார். இவர் கேக்க மாட்டேங்கறார். எனக்குக் குமட்டறதேன்னுதான் கடல்காத்து படட்டும்னு அந்த வழியா அழைச்சுண்டு போவார். நான் அன்னிக்குக் கண்ணை மூடிண்டு சாஞ்சிண்டிருந்தேன், ஒண்ணும் பாக்கலை. இப்போ வாசல்ல இறங்கவே பயப்படறார். நான் தனியா ஆட்டோல போறது பெரிசில்லை, இன்னும் ஒரு வாரம்தான். கையில பேப்பரை வெச்சுண்டு படிக்காம உக்காந்திண்டிருக்கார். அதைத்தான் பாக்க முடியலை.”

சொல்லிவிடலாம். 'மாமி, சார் கண்ணுக்கு ஒன்றும் இல்லை, தப்பு என்னுடையது' என்று ஒரே வாக்கியம். வாய்க்கொழுப்பு என்று ஊரே திட்டுகிற எனக்கு அன்று வாய் வரவில்லை. மீன்காரம்மாவின் ஆட்கள் ஷெட்டுக்கு வந்து நிற்பார்கள், போலீஸ் வரும், இனிமேல் எவன் என்னிடம் வண்டி விடுவான்? இவ்வளவும் ஒரு நொடியில் ஓடிற்று. “சரி மாமி, பாத்துக்கறேன்,” என்றேன். அவர் ஆட்டோவில் ஏறும்போது படியைப் பிடித்துக்கொண்டு மூச்சு வாங்கினார். அதையும் பார்த்துக்கொண்டு நின்றேன்.

ஆட்டோ திரும்பியதும் வாட்டர் பேப்பரை நனைத்துக்கொண்டு, என் வாசலோரம் நிறுத்தியிருந்த வண்டியின் ஜாலி மேல் விழுந்தேன். தேய்த்தேன். என் கை அவ்வளவு வேகமாக ஓடி நான் பார்த்ததில்லை. பளபளப்பு பால் மாதிரி கரைந்து தண்ணீரில் போயிற்று. இதன் மேல் ஒரு கை மேட் அடித்துவிட்டால் போதும், அப்படி ஒரு கோட்டு இருந்ததற்குச் சாட்சியே கிடையாது. சாரின் சீட்டில் உள்ளபடிதான் வேலை நடந்தது என்று நானே சத்தியம் பண்ணலாம்.

ஜாலி முடிந்து வைப்பருக்கு வந்தேன். பேப்பரை அதன் மேல் வைத்தும் விட்டேன். அப்போதுதான் தோன்றிற்று, இதைத் தேய்த்து முடித்தால் அந்த மனுஷனின் கண் சாகிறவரைக்கும் கெட்ட கண்ணாகவே இருக்கும். டாக்டர் நூறு பேர் சொன்னாலும் நல்ல கண் ஆகாது. அதை நல்ல கண் ஆக்கக்கூடியது உலகத்தில் இந்த ஒரு முழ வைப்பர்தான் மிச்சம்.

அடுத்த ஷெட்டில் சுத்தியல் சத்தம் நின்றிருந்தது. பாய் தட்டியைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

“எல்லாத்தையும் தேய்ச்சுட்டியா?”

“ஜாலி முடிஞ்சுது. வைப்பர் கீது.”

பாய் திரும்பிப் போனார். சுத்தியல் மறுபடி ஆரம்பித்தது. நான் ஸ்பானரை எடுத்து, ஓட்டுகிறவர் பக்கத்து வைப்பர் கையைக் கழற்றி, பழைய பேப்பரில் சுற்றிக்கொண்டு மயிலாப்பூருக்கு நடந்தேன்.

மாமிதான் கதவைத் திறந்தார். சார் கூடத்து நாற்காலியில் மடித்த பேப்பரோடு உட்கார்ந்திருந்தார். உட்காரச் சொன்னார். நான் உட்காரவில்லை. பொட்டலத்தைப் பிரித்து அவர் முன்னால் ஸ்டூலில் வைத்தேன்.

“சார், உங்க கண்ணுக்கு ஒண்ணும் இல்ல. நான் உக்காந்து பாத்தேன். காலை வெயில் இதுலயும் ஜாலிலயும் பட்டு நேரா கண்ணுக்கு வருது. எதுர மலை இருந்தாலும் தெரியாது. நீங்க வேணாம்னு எழுதிக் குடுத்ததை நான்தான் அடிச்சேன். ஜாலியை நேத்து, இல்ல, இன்னிக்குத்தான் தேய்ச்சு அழிச்சுட்டேன். இதையும் அழிக்கப் பாத்தேன். முடியல சார்.”

மாமி சுவரைப் பிடித்துக்கொண்டார். சார் வைப்பரைத் தொடவில்லை. அதைப் பார்த்தபடி இருந்தார். அவர் முகம் தெளியும் என்று நினைத்துக்கொண்டு வந்திருந்தேன். ஒன்றும் தெளியவில்லை.

“எனக்குத் தெரியும் கருணாகரன்,” என்றார்.

“என்ன சார் தெரியும்?”

“முதல் நாளே கூசித்து. கச்சேரி ரோட்டுல திரும்பினவுடனே தெரிஞ்சுடுத்து. தலையை ஒரு பக்கமா சாய்ச்சுண்டா சமாளிக்கலாம்னு கண்டுபிடிச்சேன். ரெண்டு வாரம் அப்படியேதான் ஓட்டினேன். அன்னிக்கு இவ ஏதோ முனகினா. என்னன்னு கேக்க நிமிர்ந்தேன். அவ்வளவுதான்.”

“அப்ப கண்ணு போச்சுன்னு…”

“பொய். இந்தக் கோட்டுன்னு சொன்னா உங்களைத் தேடிண்டு வருவா. எனக்குத் தெரிஞ்சே ஓட்டினேன், அதனால தப்பு என்னோடதுதானே? கண்ணுன்னு சொல்லிட்டா என்னோட போயிடும்னு நெனைச்சேன்.”

எனக்குக் கோபம் தலைக்கேறிவிட்டது. மன்னிப்புக் கேட்க வந்தவன் கத்த ஆரம்பித்தேன்.

“முதல் நாளே தெரிஞ்சா ஏன் சார் திருப்பிக் கொண்டாரல? எடுத்துடுடா, கண்ணு கூசுதுடான்னு ஒரு வார்த்தை சொன்னா பத்து நிமிஷ வேலை சார்! பத்து நிமிஷம்!”

“நீங்க அவ்வளவு ஆசையாப் போட்டுக் கொடுத்தேள். முகமெல்லாம் சிரிச்சிண்டு நின்னேள். அதைப் போய் வேண்டாம்னு சொல்ல…” சார் பேப்பரை இன்னொரு மடிப்பு மடித்தார். “அப்புறம் சொல்லிக்கலாம், இவளுக்குக் கரண்ட் முடியட்டும்னு தள்ளிப் போட்டுண்டே இருந்தேன்.”

மாமி சுவரிலிருந்து கையை எடுத்தார். உடம்பு முடியாதவருக்கு அப்படிக் குரல் வரும் என்று நான் நினைக்கவில்லை.

“நன்னா இருக்கு! இவர் ஆசையாக் கொடுத்தாராம், நீங்க மரியாதையா வாங்கிண்டேளாம். நீங்க ரெண்டு பேரும் ஒருத்தருக்கொருத்தர் உபசாரம் பண்ணிண்டதுல அந்தப் பொம்மனாட்டிக்குக் கால் போச்சு. இங்கே வந்து என்னத்துக்கு மாத்தி மாத்தி அழறேள்? அவகிட்டப் போய்ச் சொல்லுங்கோ.”

சார் பேப்பரைக் கீழே வைத்துவிட்டு எழுந்தார்.

அன்று நாலரை மணிக்கு வைப்பரையும் பேப்பரில் சுற்றி எடுத்துக்கொண்டு கிளம்பினோம். கச்சேரி ரோட்டில் வெயில் எங்கள் முதுகில் அடித்தது. ரோட்டைத் தாண்டும்போதெல்லாம் சார் நின்று, இந்தப் பக்கம் பார்த்து, அந்தப் பக்கம் பார்த்து, மறுபடி இந்தப் பக்கம் பார்த்துவிட்டு என் கையைப் பிடித்துக்கொண்டார். சாந்தோம் மாதா கோயிலைத் தாண்டிக் குப்பத்துக்குள் இறங்கினோம். ஆஸ்பத்திரிக்கு நாலு தடவை போய்ப் பார்த்தவர் என்பதால் சாரை அங்கே எல்லோருக்கும் தெரிந்திருந்தது. வழி விட்டு நின்றார்கள்.

அந்த மீன்காரம்மா, தேவானை, குடிசை வாசலில் பலகையில் உட்கார்ந்திருந்தாள். நாற்பத்தைந்து வயது இருக்கும். இடது கால் கழி மாதிரி முன்னால் நீண்டு கிடந்தது. பத்தடி தள்ளி மணலில் அவள் புருஷன் முருகையன் எங்களுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு வலை பின்னிக்கொண்டிருந்தான். கூரை எரவாணத்தில் ஒரு மீன்கூடை கவிழ்த்துத் தொங்கிற்று.

“வா சாரே,” என்றாள் அவள். “கண்ணு இப்ப எப்டிக் கீது?”

சார் அவளுக்கு முன்னால் மணலில் அப்படியே உட்கார்ந்துவிட்டார். அந்த ஒரு கேள்வி அவரை உட்கார வைத்துவிட்டது.

நான்தான் சொன்னேன். கொசுறிலிருந்து ஆரம்பித்து, சீட்டு, மிச்சமிருந்த கிளியர், ஜாலியை அழித்தது வரைக்கும் ஒன்றையும் விடாமல் சொன்னேன். சார் தன் பங்கைச் சொன்னார், கூசியும் இரண்டு வாரம் ஓட்டியதை. அவள் திட்டுவாள், மண்ணை வாரி வீசுவாள் என்று காத்திருந்தேன். செய்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். அவள் நீண்டு கிடந்த தன் காலைப் பார்த்தாள்.

“அப்ப நான் பாத்துத்தான் வந்தேனா?” என்றாள்.

எனக்குப் புரியவில்லை.

“நின்னேன் சாரே. ரெண்டு பக்கமும் பாத்துட்டுத்தான் நின்னேன். உன் வண்டி மெள்ள வந்துச்சு. நீ என் மூஞ்சிக்கு நேரா பாத்த. பாத்துட்டாரு, நிறுத்துவாருன்னுதான் கால எடுத்து வெச்சேன். போலீசு நான் குறுக்க வுயுந்தேன்னு எழுதிச்சு. அதையே எங்க ஊட்டுக்காரரு புடிச்சிக்கினாரு. எங்க பராக்கு பாத்துக்கினு போன, எங்க பராக்கு பாத்துக்கினு போனன்னு காலைல சாயங்காலம் அதே பேச்சு. கேட்டுக் கேட்டு எனக்கே சந்தேகம் வந்துடுச்சு. நின்னேனா, நிக்கலையான்னு.”

சார் முகத்தை மூடிக்கொண்டார். விரல்களுக்கு நடுவிலிருந்து, “நீ நின்னேம்மா. நீ சரியாத்தான் வந்தே. நாளைக்கு ஸ்டேஷன்ல போய் எழுதிக் கொடுக்கறோம்,” என்றார்.

“அது எழுதறப்ப எழுது. என்கிட்ட சொல்லி இன்னா?” அவள் தாடையால் மணலைக் காட்டினாள். “மொதல்ல அவருகிட்ட சொல்லு.”

நான் வைப்பரை எடுத்துக்கொண்டு முருகையனுக்கு முன்னால் போய் நின்றேன். அவன் நிமிரவில்லை. எல்லாம் அவன் காதில் விழுந்திருக்கும். பின்னுகிற கை மட்டும் அசையாமல் இருந்தது. மேற்கே வெயில் தாழ்ந்திருந்தது. பேப்பரைப் பிரித்து, வைப்பரைச் சாய்த்துப் பிடித்தேன். ஒரு கோடு வெளிச்சம் மணலில் ஓடி, வலையில் ஏறி, அவன் முகத்தில் விழுந்தது. கடலில் முப்பது வருஷம் வெயிலைப் பார்த்த மனுஷன் கண்ணை இறுக்கி மூடிக்கொண்டு கையைக் குறுக்கே வைத்தான்.

“இப்ப எதுர நிக்கற நான் தெரியறேனா?” என்று கேட்டேன்.

“எட்றா அத்த!”

“இவ்ளோதான். அன்னிக்கு சாருக்கும் இப்டித்தான். அவங்க நின்னு, பாத்துத்தான் வந்தாங்க. பராக்கு பாத்தது அவங்க இல்ல.”

வைப்பரை இறக்கினேன். அவன் கண்ணைக் கசக்கிக்கொண்டு பெண்டாட்டி இருந்த பக்கம் திரும்பினான். ஊசியை எடுத்து அறுந்த கண்ணியைத் தேடினான். அது கைக்கு அகப்படவில்லை.

“கேட்டுக்கினியா?” என்றாள் தேவானை. அவன் கண்ணியையே தேடிக்கொண்டிருந்தான். மறுபடியும் கேட்டாள், உரக்க. “கேட்டுக்கினியா?”

“கேட்டேன்,” என்றான் முருகையன்.

நாங்கள் எழுந்தோம். நான் வைப்பரைத் திரும்பவும் பேப்பரில் சுற்றப் போனேன். அவள் கையை நீட்டித் தடுத்தாள்.

“அத்த இங்கியே வெச்சுட்டுப் போ. நாளைக்கி மறந்துடுவாரு, எடுத்துக் காட்டணும்.”

எங்கே வைப்பது என்று கேட்டேன். கூரையைக் காட்டினாள். மீன்கூடைக்குப் பக்கத்தில் ஓலையில் செருகினேன். இன்னும் கீழே என்றாள். இறக்கிச் செருகினேன். பலகையில் உட்கார்ந்தபடியே கையைத் தூக்கித் தொட்டுப் பார்த்தாள். எட்டிற்று.